பிசகிய அடியின் சரித்திரம்

கோல்ஃப் ஆடும் மன்றம் எந்த ஊரில் இருந்தாலும், அதன் கூடத்துச் சுவரில் தேக்குப் பலகை ஒன்று மாட்டியிருப்பதையும், ஆண்டுதோறும் வெற்றி பெற்றவர்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்துகளில் வரிசையாக எழுதப்பட்டிருப்பதையும் காணலாம். அதைப் படிக்கிறவர்களுக்கு, இந்த ஆட்டத்தின் சரித்திரம் என்பது வென்றவர்களின் சரித்திரமே என்ற எண்ணம் உண்டாவது இயல்பு. ஆனால், நேற்றுவரை நேராகப் பறந்த பந்து இன்று காரணம் எதுவும் புலப்படாமல் வலப்புறத்து முட்புதரை நோக்கிப் பாய்வதும், மறுநாள் தரையோடு தரையாக உருண்டு பத்தடியில் நின்றுவிடுவதும், வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இந்த விபரீதம் நீடிப்பதும், பிறகு அரும்பாடுபட்டு அதிலிருந்து அவர்கள் மீள்வதுமாகிய மற்றொரு சரித்திரமும் உண்டு. முன்னதைக் காட்டிலும் இதுவே அறியத்தக்கது என்பது என் அபிப்பிராயம். பந்து எப்படிப் பறக்கிறது, கை எப்படி இயங்குகிறது என்று இன்று நாம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, அடி பிசகியவர்கள் தங்கள் பிசகையே உற்றுப் பார்த்ததனால் கிடைத்ததாகும்.

கொங்கு நாட்டுக்கு இந்த ஆட்டம் மலைவழியாக வந்து சேர்ந்தது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்குச் சென்று, அங்குள்ள குளிர்ந்த காற்றிலும் புல்வெளிகளிலும் மனத்தைப் பறிகொடுத்து, சில ஆண்டுகளுக்குள் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டிக்கொண்டு குடியேறினார் என்பது யாவரும் அறிந்த விஷயம். அக்காலத்தில் நீலகிரி தனி ஜில்லா அன்று. 1868 வரையில் அதன் பெரும்பகுதி கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. பிறகு சென்னை அரசாங்கமே கோடைக்காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும் வழக்கம் நிலைபெற்றபோது, வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் விளையாட்டுகளும் அவர்களுடன் ஏறின. கல்கத்தாவில் 1829-இலும், பெங்களூரில் 1876-இலும் கோல்ஃப் மன்றங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஆட்டம் தொடங்கியது. கொடைக்கானலில் 1895-இல் மன்றம் அமைந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உதகையின் புல்மேடுகளிலும் குழிகள் வெட்டிக் கொடிகள் நட்டார்கள். 1891 முதல் 1896 வரை சென்னைக் கவர்னராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரை அந்த மேடுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

மேட்டுப்பாளையம் வரை 1873-இல் ரயில் வந்தது. அங்கிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. ஆகவே முதல் ஐம்பது அறுபது ஆண்டுகள் கோயமுத்தூரின் பங்கு, போத்தனூரிலும் மேட்டுப்பாளையத்திலும் மட்டைப் பைகள் வண்டிக்கு வண்டி மாறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமே என்று சொன்னால் பிழையாகாது. நம்மவர்களுக்கு அந்தப் புல்தரையில் சுமப்பவராக இடமிருந்ததேயன்றி ஆடுபவராக இடமிருந்ததில்லை. இதைச் சொல்லாமல் மலைவாச ஸ்தலங்களின் அழகை மட்டும் வர்ணித்துவிட்டுப் போவது நியாயமாகாது.

உதகையைப் பற்றி ஆட்ட நுட்பம் சார்ந்த ஒரு செய்தி உண்டு. சமவெளியிலிருந்து போகிறவர்கள் அதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று இலேசானது. இலேசான காற்றில் பந்து தடையின்றி அதிக தூரம் போகிறது. அதைவிட முக்கியமாக, பக்கவாட்டுச் சுழற்சியினால் வளைந்து போகும் குணமும் குறைந்துவிடுகிறது. பந்தை வளைப்பதும் காற்றே, காற்றின் அடர்த்தி குறைந்தால் வளைவும் குறையும். சமவெளியில் மாதக்கணக்காகப் பந்து வலப்புறமாகவே வளைந்து போகிறதென்று மனம் நொந்திருந்த ஒருவர் மே மாதத்தில் மலைக்குச் சென்று ஆடினால், இரண்டே நாளில் தம் குறை தீர்ந்துவிட்டதென்று நம்பிவிடுவார். மலையிறங்கி, ஆயிரத்து முந்நூறு அடி உயரத்திலுள்ள கோயமுத்தூரில் மறுபடி மட்டையைத் தூக்கியதும், பழைய வளைவு அப்படியே அவருக்காகக் காத்திருக்கும். குறை எங்கும் போகவில்லை; அதைக் காட்டிக்கொடுக்கும் காற்றுத்தான் மேலே இல்லாமற் போயிற்று.

பிசகுகள் பலவகை. மட்டையின் விளிம்பு பந்தின் மேற்பாதியில் பட்டால் பந்து எழும்பாமல் உருளும். அதை ‘டாப்’ என்பார்கள். பந்துக்குப் பின்னால் தரையைக் கொத்தினால் மண்கட்டி பறக்குமேயன்றிப் பந்து நகராது. மட்டையின் முகம் திறந்த நிலையில் குறுக்காக இழுக்கப்பட்டால் பந்து வலப்புறம் வளையும் ‘ஸ்லைஸ்’. மூடிய நிலையில் பட்டால் இடப்புறம் சுருளும் ‘ஹுக்’. இவை எல்லாவற்றிலும் கொடியது ‘ஷாங்க்’. இரும்பு மட்டையின் தகட்டையும் தண்டையும் இணைக்கும் உருண்டையான கழுத்தில் பந்து பட்டு, ஏறத்தாழச் செங்கோணமாக வலப்புறம் தெறித்து ஓடுவதே அது. மற்றப் பிசகுகளில் பந்து போக வேண்டிய திசையிலாவது கொஞ்சம் போகும். இதில் பக்கத்தில் நிற்கிறவருடைய கணுக்காலுக்கே ஆபத்து. ஒரு தடவை நேர்ந்தால் அது தொற்றுநோய்போல் அடுத்த அடியிலும் வரும் என்று அஞ்சி, இரவு வேளையில் பாம்பின் பெயரைச் சொல்லாத நம் கிராமத்து மக்களைப்போல, பல ஆட்டக்காரர்கள் திடலில் அந்தச் சொல்லையே வாயால் உச்சரிப்பதில்லை.

ஆனால் அதன் காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. ஷாங்க் அடித்தவரின் இரும்பு மட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால், தகட்டின் நடுவில் இருக்க வேண்டிய வெண்ணிறத் தழும்பு உட்புற ஓரத்தில், கழுத்து வளையத் தொடங்கும் இடத்தில், அரைவிரற்கடை அகலத்துக்குத் தேய்ந்து பதிந்திருக்கும். நிற்கும்போது மட்டை பந்துக்கு நேராகத்தான் இருந்தது, வீசும்போது உடலின் பாரம் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்குச் சாய்ந்து, கைகள் உடலைவிட்டு விலகி, மட்டை முழுவதும் இரண்டு விரற்கடை வெளியே தள்ளப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். இதற்குத் தொன்றுதொட்டு வழங்கும் பரிகாரமும் அதே அளவு எளியது. பந்துக்கு வெளிப்புறத்தில், இரண்டு விரற்கடை தள்ளி, ஒரு மரத்துண்டையோ மற்றொரு பந்தையோ வைத்துவிட்டு, அதைத் தொடாமல் உள்ளிருக்கும் பந்தை மட்டும் அடிக்கப் பழக வேண்டும். முதலில் மரத்துண்டு பறக்கும். பாரம் குதிகாலில் தங்கத் தங்க, பந்து மட்டும் பறக்கும். ஆனால் அச்சம் கொண்டவன் பந்தை விட்டு விலகி நிற்கிறான். விலகி நின்றதனால் எட்டி அடிக்கக் குனிகிறான். குனிந்ததனால் பாரம் மறுபடியும் முன்பாதத்துக்கே போகிறது. தப்புவதற்குச் செய்யும் காரியமே தவற்றை வளர்ப்பதனால்தான் இந்தப் பிணி வாரக்கணக்கில் நீடிக்கிறது.

பிசகிய அடியினால் உலகத்துக்குப் பெரும் நன்மை விளைந்த சம்பவம் ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்து என்பது தோலுறைக்குள் வெந்த இறகுகளைத் திணித்துத் தைத்ததாக இருந்தது. விலை அதிகம், மழையில் நனைந்தால் பாழ். 1848-ஐ ஒட்டி, மலேயாக் காட்டு மரங்களின் பாலை உறையவைத்துச் செய்யும் கட்டாபெர்ச்சாவினால் பந்துகள் வார்க்கத் தொடங்கினார்கள். கீழ்த்திசையிலிருந்து செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரத்துப் பாதிரியார் ஒருவருக்கு அனுப்பப்பட்ட விஷ்ணு விக்கிரகம் உடையாமலிருக்க அதைச் சுற்றிலும் இந்தப் பிசினை அடைத்து அனுப்பியிருந்தார்கள் என்றும், அந்தப் பிசினை உருக்கியே முதல் பந்து செய்யப்பட்டது என்றும் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வழவழவென்று வார்த்தெடுத்த புதுப்பந்து ஆட்டக்காரர்களை ஏமாற்றிற்று. சிறிது தூரம் பறந்து திடீரென்று தலைகவிழ்ந்து விழுந்தது. ஆனால் பழகாத கைகளால் கண்டபடி வெட்டப்பட்டு, இரும்பின் காயங்கள் உடலெங்கும் பதிந்த பழைய பந்தோ உயரே எழுந்து நிதானமாகப் பறந்தது. இதைக் கண்டவர்கள் பந்தைப் புதிதாகச் செய்தவுடனேயே சுத்தியலால் கொத்தித் தழும்புகளை உண்டாக்கத் தலைப்பட்டார்கள். 1905-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டெய்லர், வரிசையாகக் குழிகள் பதித்த பந்துக்கு உரிமைப் பட்டயம் கோரினார். இன்று உலகமெங்கும் புழங்கும் குழிப்பந்தின் மூதாதை, தவறிய அடிகளால் காயப்பட்ட அந்தக் கட்டாபெர்ச்சாப் பந்துதான்.

காயம்பட்ட பந்து ஏன் நன்றாகப் பறக்கிறது என்ற கேள்வி விஞ்ஞானிகளையும் இழுத்தது. எடின்பரோ சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த பீட்டர் கத்ரி டெய்ட், 1890-களில் இதைக் கணிதத்தால் ஆராய்ந்து, பின்சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று நிறுவினார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் அமெச்சூர் பட்டம் வென்ற பெரிய ஆட்டக்காரர். 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் இளம் வயதிலேயே மாண்டார். எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் 1910-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தின் இயக்கத்தைப் பற்றியே தனிப் பிரசங்கம் செய்தார். பந்து வளைவது விதியினாலோ தரையின் சூழ்ச்சியினாலோ அன்று, அடித்த கணத்தில் மட்டையின் முகம் அதற்கு அளித்த சுழற்சியினால்தான் என்று இவர்கள் காட்டிய பிறகு, பிசகியவனுக்குத் தன் கையைத் தவிர வேறெதையும் நோவதற்கு இடமில்லாமற் போயிற்று. அதில் ஓர் ஆறுதலும் உண்டு. கையால் வந்தது கையாலேயே நீங்கக் கூடியதல்லவா?

எல்லாமே அப்படி நீங்கிவிடுகின்றனவா என்றால், இல்லை. ஜெர்ஸித் தீவில் பிறந்து, தோட்டக்காரராக வேலை பார்த்து, பிறகு தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஹாரி வார்டன், 1903-இல் நான்காவது தடவையாகப் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றபோதே க்ஷயரோகம் அவரைப் பற்றியிருந்தது. சானிடோரியத்திலிருந்து மீண்டு வந்த அவருடைய வலக்கை, குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்தை மெல்லத் தட்ட வேண்டிய நேரத்தில் தானாகவே வெட்டி இழுத்தது. குழந்தையும் தவறவிடாத அடிகளை அவர் தவறவிட்டார். அந்த நடுக்கம் அவரை முற்றிலும் விட்டுப் போகவே இல்லை. இருந்தும் 1911-லும் 1914-லும் மறுபடி பட்டம் வென்று மொத்தம் ஆறாக்கினார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை ஒருவரும் மிஞ்சவில்லை. தொலைவிலிருந்து அடிக்கும் பந்தைக் குழிக்கு மிக அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டால், நடுங்கும் கைக்கு வேலை குறையும் அன்றோ? குறையை ஒழிக்க முடியாதபோது அதற்கு வேலை கொடுக்காமல் ஆடக் கற்றுக்கொண்ட அவருடைய விவேகத்தை, ஆறு பட்டங்களைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

அமெரிக்கரான பென் ஹோகனின் வழி வேறு. இளமையில் அவருடைய பந்து இடப்புறமாகச் சுருண்டு சுருண்டு அவரை வறுமையின் விளிம்புக்கே கொண்டுபோயிற்று. பத்தாண்டுக் காலம் பயிற்சித் திடலில் விடியலிலிருந்து அந்திவரை அடித்து, இடக்கைப் பிடியை இம்மி இம்மியாக இடப்பக்கம் திருப்பி, அந்தச் சுருளை அவர் வேரறுத்தார். 1949 பிப்ரவரியில் அவருடைய காரின்மீது பஸ் மோதி எலும்புகள் முறிந்தன. 1950 ஜூனில் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை மறுபடியும் வென்றார்.

ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு வார்டனுக்கு வந்த கைநடுக்கமே வந்தது. ஒரு தடவையன்று, பல தடவை. ஒவ்வொரு தடவையும் மட்டையைப் பிடிக்கும் முறையையே அடியோடு மாற்றி அவர் மீண்டார்; 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டம் பெற்றார். 1991-இல் ரைடர் கோப்பையின் முடிவை நிர்ணயிக்க வேண்டிய ஆறடிப் பந்தைத் தவறவிட்டு உலகத்தின் பார்வையில் நின்ற அவர், அடுத்த வாரமே தம் தாய்நாட்டில் ஒரு போட்டியை வென்றார். இந்த நடுக்கத்தில் ஒருவகை, வெறும் பயத்தினால் வருவதன்று, ஓயாமல் எழுதும் குமாஸ்தாக்களின் விரல்களைப் பற்றும் வலிப்பைப் போன்ற நரம்புக் கோளாறே என்று வைத்தியர்கள் இப்போது கருதுகிறார்கள். அத்தகையவனிடம் போய் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று உபதேசிப்பது கொடுமை. பிடியை மாற்றிப் பார் என்று சொல்வதே உதவி. நம் நாட்டில் ஜீவ் மில்கா சிங், காயங்களாலும் ஆட்டத் தளர்வாலும் பல ஆண்டுகள் வெற்றியின்றி அலைந்து, 2006-இல் சீன ஓப்பனையும் ஸ்பெயினில் வோல்வோ மாஸ்டர்ஸையும் வென்று எழுந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இனிக் கொங்குச் சமவெளிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோயமுத்தூருக்குத் தென்கிழக்கே செட்டிபாளையத்தில் கோல்ஃப் திடல் அமைந்தது. இந்தப் பிரதேசத்து நிலத்தின் குணத்தை அறிந்தவர்களுக்கு, இங்கே இந்த ஆட்டம் அந்நியமாகத் தோன்றாது. ஸ்காட்லாந்தின் கடலோர மேடுகளில் செம்மறியாடுகள் மேய்ந்து மேய்ந்து கத்தரித்த புல்தரையில்தான் கோல்ஃப் பிறந்தது. கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் நிழல் தர, கொழுக்கட்டைப் புல் மண்டிய காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களும் ஆடுமாடுகளின் வாயாலும் குளம்பாலும் உருவான தரைகளே. வேறுபாடு மழையில் இருக்கிறது. மேற்கு மலைத் தொடரின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பூமி, ஐப்பசி கார்த்திகையில் நனைந்து, மற்ற மாதங்களில் பெரும்பாலும் காய்ந்து இறுகிக் கிடக்கும். இந்தியாவின் வறண்ட ஊர்கள் பலவற்றில் முற்காலத்தில் குழியைச் சுற்றிப் பசும்புல் வளர்க்க வகையில்லாமல், எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி அதன்மேலேயே ஆடினார்கள். இறுகிய தரையில் மட்டை இறங்காது. பந்துக்குப் பின்னால் சற்றே பட்டாலும் தரை அதைத் துள்ளச் செய்து பந்தின் தலையில் மோதவிடும். ஈரப் புல்லில் மன்னிக்கப்படும் பிசகு இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

அதற்கு மேல் காற்று. மேற்கு மலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரையில் மேல்காற்று புகுந்து வீசுகிறது. உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான். அம்மியையும் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் ஆடிக் காற்றுக்கு எதிரே அடித்த பந்தில் சுழற்சி சிறிதளவு கூடுதலாக இருந்தாலும், அமைதியான நாளில் பத்தடி வளைந்திருக்க வேண்டியது பல மடங்கு வளைந்து எல்லைக்கு வெளியே போய் விழும்.

இத்தகைய தரையிலும் காற்றிலும் அடி பிசகியவர்களுக்கு முதல் வைத்தியர்களாக விளங்கியவர்கள் புத்தகம் எழுதிய நிபுணர்களல்லர். மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடிகள். பந்து போன இடத்தை ஆடுபவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய பாதத்தையும் தோளையும் மட்டையின் தழும்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம். “சார், பந்து கழுத்துல பட்டிருக்குதுங்க, குதிகால்ல நில்லுங்க” என்று தாழ்ந்த குரலில் ஒரு முதிய கேடி சொல்ல, பெரிய ஆலை ஒன்றின் நிர்வாகி மறுபேச்சின்றி மாணவனைப்போலக் காலை மாற்றி வைத்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். இந்த வித்தை ஏட்டில் எழுதப்படவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து, உடைந்த மட்டையை ஒட்டுப்போட்டு, ஆட்டமில்லாத நேரத்தில் தாங்களே அடித்துப் பார்த்துக் கற்றது. இந்தியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் இந்த வகுப்பிலிருந்தே வந்தார்கள். கல்கத்தா மன்றத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009-இல் அதே பட்டத்தைப் பெற்றார். கொங்கு நாட்டிலும் நீலகிரியிலும் பை சுமந்து முதுமையடைந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதிவைக்க ஒருவரும் முன்வராதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆடியில் அவர்கள் சொல்லும் முறை இதுதான்: வழக்கத்தைவிட நீண்ட மட்டையை எடு, பந்தை வலக்கால் பக்கமாகச் சற்றுத் தள்ளி வை, கையை இடுப்புக்கு மேல் அதிகம் தூக்காதே, வேகத்தைப் பாதியாக்கு. பாதி வேகத்தில் பின்சுழற்சி குறைகிறது, பந்து தாழ்ந்து போகிறது, தகட்டின் நடுவில் படுவது எளிதாகிறது. அடி பிசகியவர்கள் பலரும் கோடையில் மலைக்குப் போய் மனத்தை ஆற்றிக்கொள்ள விரும்புகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிசகை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும் செட்டிபாளையத்து மேல்காற்றில், தழும்பு விழுந்த மட்டையோடும் ஒரு மரத்துண்டோடும் ஆடி மாதம் முழுவதும் நின்று அப்பியாசம் செய்தவர்களுக்கு, ஐப்பசியில் காற்று அடங்கி, மழையில் தரை இளகியபின் பந்து நேராகப் போகும்.